டைம்கீப்பருக்கு ஒரு டீ

மாலையானால் எனக்குச் சாலை இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. காலையில் ஓசூரில் பஸ்ஸை எடுக்கும்போது ஒரு குறையும் இருக்காது. கிருஷ்ணகிரிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போய், கடைசி நடையில் சூளகிரியைத் தாண்டும்போது எதிரே வரும் லாரி பிரிந்து இரண்டு லாரியாகும். ஒன்று சாலையில் வரும், மற்றொன்று புளியமரத்துக்குள் வரும். எது நிஜ லாரி என்று உடனே சொல்ல முடியாது.

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மாறவில்லை. பிறகு இமைகள் விழத் தொடங்கின. சோற்றைப் பாதி மெல்லும்போதே தாடை களைத்துப்போகும், கையால் தாங்கிக்கொண்டு மீதியை மெல்வேன். பேச்சு மூக்கு வழியாக வந்தது. நான் சாதாரணமாகவே அதிகம் பேசாதவன். பஸ்ஸில் பேச வேண்டியதையெல்லாம் கண்டக்டர் முனிரத்தினம் பேசிவிடுவான். அதனால் என் பேச்சு மாறியதை நானே தாமதமாகத்தான் கவனித்தேன்.

இந்த நோய் பற்றி எழுத எனக்குப் படிப்புப் போதாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வேறு யாருக்காவது இப்படிக் கண் சொருகினால் அவர்கள் வீட்டார் முதலில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்போது நம் பக்கத்தில் மதுவிலக்கு இருந்தது. ஓசூரிலிருந்து கொஞ்சதூரம் போய் எல்லையைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே சாராயக்கடை திறந்திருக்கும். இருட்டும் முன் சைக்கிளில் அந்தப் பக்கம் போய், இருட்டிய பின் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், காலையில் தெளிவாக வேலைக்குப் போய் மாலையில் கண் சொருகி நாக்குக் குழறி வீட்டுக்கு வரும் ஒரு டிரைவரை யாரும் நோயாளி என்று நினைக்க மாட்டார்கள்.

ஒருநாள் கடைசி நடையில் என்னால் முடியவில்லை. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். முனிரத்தினம் முன்னால் வந்தான்.

“என்னாண்ணா, வண்டியில கோளாறா?”

“எனக்கு முடியல முனி. எல்லாம் ரெண்டா தெரியுது.”

முன் சீட்டில் ஒரு புளி வியாபாரி இருந்தார். “எனக்கு டிக்கெட் ஒண்ணுதானே குடுத்தே? அவருக்கு மட்டும் எப்பிடிய்யா ரெண்டா தெரியுது?” என்றார். பஸ் முழுதும் சிரித்தது.

“எங்க ஊத்திக்கினு வந்தாராம்? நமக்கும் அட்ரஸ் சொல்லச் சொல்லு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முனிரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கண்ணன் சோடா கூடக் குடிக்க மாட்டாருய்யா. ஏப்பம் வந்தா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்கன்னு வெக்கப்படற ஆளு அவரு.”

அதற்கும் சிரித்தார்கள். நான் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்தவர்களுக்கு மீதிச் சந்தேகமும் தீர்ந்திருக்கும்.

மறுநாள் முதலாளி வரச்சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். “வாசனை இல்லைய்யா. அதான் எனக்குப் பயமா இருக்குது. வாசனை வராத சரக்குதான் ஆளைக் கொல்லும்” என்றார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

எங்களுடையது புராட்டஸ்டண்டு குடும்பம். அந்த மாதம் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறன்று, ஆராதனை தொடங்கும் முன் எங்கள் சபைப் போதகர் ஐயர் என்னைத் தனியாக அழைத்து, “இந்த மாசம் வேண்டாம் தம்பி. மனசைச் சரிபண்ணிக்கிட்டு அடுத்த மாசம் வாங்க” என்றார். மற்றவர்கள் எழுந்து போய் மண்டியிட்டபோது நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எஸ்தரும் எழுந்திருக்கவில்லை. எனக்காக இருந்தாளா, வெட்கத்தால் இருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். சாயங்காலம், அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஏங்க, நீங்க குடிக்கிறீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வரும் குழறலே எனக்கு எதிர்ச்சாட்சி சொல்லும். காலையில் நன்றாகப் பேச முடியும். காலையில் அவள் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ராகிக்களியை மெல்ல மாட்டோம். உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்குவோம். ஒரு மாலை அந்த உருண்டை என் தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. மூச்சு இழுக்க முடியவில்லை. எஸ்தர் முதுகில் குத்திக் குத்தி அதை வெளியே எடுத்தாள். உள்ளூரில் பார்த்த டாக்டர் ஏற்கனவே சத்து ஊசி போட்டு அனுப்பியிருந்தார். அடுத்த நாள் முனிரத்தினம் லீவு போட்டுவிட்டு வந்து எங்கள் இருவரையும் பெங்களூருக்கு, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான்.

அங்கே காத்திருப்பதுதான் முதல் வைத்தியம். நீளமான பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கதவருகே வர வேண்டும். நான் கதவுக்கு வந்தபோது மதியம் கடந்துவிட்டது. அது நல்லதாயிற்று. காலையில் பார்த்திருந்தால் என்னிடம் ஒரு நோயும் தெரிந்திருக்காது.

டாக்டர் கமலா என்று ஒரு அம்மாள். கன்னடக்காரர், தமிழ் தடங்கலில்லாமல் பேசினார். விட்டத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இமைகள் கடையின் ஷட்டர் போல மெல்ல இறங்கின. பிறகு ஒன்றிலிருந்து சத்தமாக எண்ணச் சொன்னார். முப்பதைத் தாண்டியதும் குரல் மூக்குக்கு ஏறியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் காற்று மட்டும் வந்தது.

“உங்களைக் குடிகாரர்னு யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டார்.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன்.

“இந்த வியாதிக்காரங்க நெறைய பேரு அந்தப் பேரு வாங்கிக்கினுதான் என்கிட்ட வர்றாங்க. சேருங்க, பாக்கலாம்.”

வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த வெங்கடப்பா என்பவர் இருந்தார். மாந்தோப்பில் காற்றுக்கு எதிராக நின்று பூச்சிமருந்து அடித்து மயங்கி விழுந்தவர். பிழைத்து, எழுந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் ஆலோசனை சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டாக்டர் ஒரு நர்சோடு வந்தார். எஸ்தர் கேண்டீனில் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். “ஒரு ஊசி போடப் போறேன். இது சோதனைக்குத்தான். சில நிமிஷம்தான் நிக்கும்” என்றார். கையில் ரத்தக்குழாய் பார்த்துப் போட்டார். வயிறு பிசைந்தது, கண்ணில் நீர் வந்தது. அதற்குள் என் இமைகள் மேலே போயின. நான் தூக்கவில்லை. அவை தாமாகப் போயின. எதிர்ச் சுவரில் இரண்டாக இருந்த கடிகாரம் ஒன்றாயிற்று.

“பேசுங்க” என்றார் டாக்டர்.

“எஸ்தர் வரட்டுங்க” என்றேன். என் பழைய குரலில் சொன்னேன்.

வாசலையே பார்த்தேன். கேண்டீனில் கூட்டம் போலிருக்கிறது. கடிகாரம் மறுபடி இரண்டாகும்போது அவள் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றாள். என் இமை விழுவதைத்தான் பார்த்தாள், அதுவும் அவள் தினமும் பார்ப்பதுதான்.

“அக்கா, இப்பத்தான் உங்க ஊட்டுக்காரரு கண்ணு முழுசா தொறந்துச்சு. கணீர்னு பேசினாரு. நான் சாட்சி” என்றார் வெங்கடப்பா.

எஸ்தர் நம்பாமலே தலையை ஆட்டினாள். ஜெபத்தால் சுகமளிக்கும் கூட்டங்களில் முடவன் நடந்தான் என்று பலர் சொல்லக் கேட்டவள் அவள். அதே முடவனை மறுவாரம் சந்தையில் பழையபடியே பார்த்தும் இருக்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. இன்னொரு முறை அந்த ஊசியைப் போட முடியுமா என்று முனகினேன். டாக்டருக்குப் புரிந்தது. “விளையாட்டுக்குப் போடற ஊசி இல்ல டிரைவர். இதயத்தை மெதுவாக்கிடும். மாத்திரைல மெதுவாக் கொண்டுவரலாம்” என்றார்.

நோயின் பெயர் மயஸ்தீனியா. தசைகள் சீக்கிரம் களைத்துவிடும் நோய். டாக்டர் எனக்குச் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். நரம்பு நேரடியாகத் தசையை அசைப்பதில்லை. நரம்பின் முனையிலிருந்து ஒரு பொருள் வெளியே வந்து தசையைத் தொடும், தசை அசையும். தொட்டவுடன் அந்தப் பொருளை வெட்டிப்போட அங்கேயே ஒரு புரதம் காத்திருக்கிறது. நொதி என்கிறார்கள். அது வெட்டாவிட்டால் தசை சுருங்கியது சுருங்கியபடி நின்றுவிடும். ஆகவே அது வேண்டியதுதான். ஆனால் என் தசைகளில் அந்தப் பொருள் சரியாகப் பிடிபடுவதில்லை. பிடிபடும் முன்பே நொதி வெட்டிவிடுகிறது. ஏன் பிடிபடுவதில்லை என்பது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றார்.

அந்த நொதியைப் பற்றிக் கேட்டதும் எனக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் நினைவுக்கு வந்தார். நேரமானதும் விசில் ஊதி, பஸ்ஸைத் தட்டி வெளியே அனுப்புகிறவர். ஆட்கள் ஏறிவிட்டார்களா என்று பார்க்க மாட்டார். கூட்டம் வேண்டுமென்றால் முனிரத்தினம் அவரை டீக்கடைக்கு அழைத்துப்போவான். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டியில் பத்துப் பேர் ஏறிவிடுவார்கள். இதை டாக்டரிடம் சொல்லலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னேன்.

அவர் சிரித்தார். “ஆமா. மாத்திரை அந்த டீதான். ஆனா ஒரு நாள் முழுக்க டீ வாங்கிக் குடுத்தா என்ன ஆகும்?”

“ஸ்டாண்டே அடைச்சுக்குங்க. எந்த வண்டியும் நகராது.”

“அதனாலதான் அளவு.” பிறகு வெங்கடப்பாவின் கட்டிலைக் காட்டினார். “அவரு அடிச்ச பூச்சிமருந்தும் இதே புரதத்தைத்தான் பிடிக்குது. ஆனா டீ வாங்கிக் குடுக்கறதில்ல. டைம்கீப்பரைக் கட்டிப்போட்டுடுது. விட்டுக் குடுக்கறது மருந்து, விடாதது விஷம்.”

“நான் கட்டிப்போடலீங்க, காத்து மாறிடுச்சு” என்றார் வெங்கடப்பா.

ஒரு காலையில் டாக்டர் என்னிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் கல்லூரியின் கீழ்த்தளத்தில் இருந்த ஆராய்ச்சி அறைக்கு வரச்சொன்னார். கண்ணாடிக் குழாய்களில், அந்த நரம்பு முனைப் பொருளைக் கலந்த நீல நிறத் தண்ணீர் இருந்தது. அந்தப் புரதம் ரத்தத்திலும் உண்டாம். என் ரத்தத்திலிருந்து எடுத்த துளியை ஒரு குழாயில் விட்டார். புரதம் தன் வேலையைச் செய்யச் செய்ய நீலம் பச்சையாகி மஞ்சளாயிற்று. இன்னொரு குழாயில் முதலில் மருந்தைக் கலந்துவிட்டு அதே துளியை விட்டார். அது நீலமாகவே நின்றது. என் உடம்பில் ஓடிய ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை என் கண்ணால் பார்த்தேன்.

அலமாரி முழுக்கச் சின்னச் சின்னப் புட்டிகள் இருந்தன. வெள்ளைப் பொடி, மஞ்சள் பொடி. தெரிந்த மருந்திலேயே ஒரு மூலையை மாற்றி, ஒரு வாலைச் சேர்த்து, அவரும் மாணவர்களும் செய்தவை. இப்போதுள்ள மாத்திரை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது, தூக்கத்தில் தீர்ந்துபோய் மூச்சு நின்றவர்களும் உண்டு. ராத்திரி முழுதும் நிற்கிற ஒன்றைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு பொடியையும் முதலில் குழாயில் பார்ப்பார்கள். அதில் நீலம் நின்றால் தவளையின் தசையில் பார்ப்பார்கள். அங்கே தோற்றால் புட்டி அலமாரிக்குத் திரும்பிவிடும்.

“இதெல்லாம் தோத்ததுங்களா?” என்றேன்.

“இந்தத் தட்டு வரைக்கும் தோத்தது. கீழ்த்தட்டு இன்னும் பாக்கல.”

“ஜெயிச்சது?”

“இன்னும் இல்ல.” அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

முதல் மருந்து எங்கிருந்து வந்தது என்று எஸ்தர் கேட்டாள். ஆப்பிரிக்காவில் ஒரு கொடியின் கொட்டையிலிருந்து என்றார் டாக்டர். அங்கே சில ஊர்களில் ஒருவன்மேல் குற்றம் சொன்னால் அந்தக் கொட்டையை அரைத்துக் குடிக்கக் கொடுப்பார்களாம். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி. அந்த விஷம் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு இங்கிலாந்தில் ஒரு பெண் டாக்டர், இந்த நோயாளிகள் தசையைத் தளரவைக்கும் அம்பு விஷம் ஏறியவர்களைப் போலிருக்கிறார்களே என்று எண்ணி, அம்பு விஷத்துக்கு மாற்றான இந்தக் கொட்டை மருந்தைக் கொடுத்துப் பார்த்தாராம். விழுந்த இமை எழுந்தது.

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “டாக்டரம்மா, குடிச்சா இந்த வியாதி வருமா?” என்றாள்.

“வராது.”

“குடிச்சவங்களுக்கும் கண்ணு இப்பிடித்தானே இருக்கும்?”

“பாக்கறதுக்கு அப்பிடித்தான் இருக்கும்” என்றார் டாக்டர். பொய் சொல்லத் தெரியாதவர்.

மாத்திரை தொடங்கினார்கள். சிறிய அளவில் ஒன்றும் ஆகவில்லை. அளவைக் கூட்டினார்கள். ஒருநாள் கூட்டியது அதிகமாகி, வயிறு முறுக்கி, வாயில் எச்சில் பெருகி, கைகால்கள் முன்னைவிடத் தளர்ந்துபோயின. மூச்சு மேலாக மட்டும் வந்தது. கட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணிகள் நின்றன. செத்துவிடுவேன் என்ற பயத்தைவிட, எஸ்தர் மனதில் ஒரு கேள்வியை வைத்துவிட்டுச் செத்துவிடுவேனே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. எஸ்தர் என் எச்சிலைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையை எடுக்கவேயில்லை. குடிகாரன் என்று நினைத்திருந்தாலும் அப்படித்தான் துடைத்திருப்பாள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

மாற்று ஊசி போட்டு, அளவைக் குறைத்து, நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

அப்புறம் ஒரு சாயங்காலம் வந்தது. மதியத்திலிருந்தே எஸ்தர் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெந்நீருக்கும் போகவில்லை. விளக்குப் போடும் நேரமாயிற்று. சுவரில் கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. அவள் கரைத்து வைத்திருந்த ராகிக்கூழைக் குடித்தேன். மூக்குக்கு ஏறவில்லை. அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். இருட்டிய பிறகும் என் இமை விழவில்லை.

“எஸ்தர், நான் குடிச்சதே இல்ல” என்றேன். ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்காக வந்தது.

அவள் கூழ்ப் பாத்திரத்தை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, “நான் அங்க போனேங்க” என்றாள்.

“எங்க?”

“எல்லைக்கு அந்தப் பக்கம். சாராயக்கடைக்கு. நீங்க டூட்டிக்குப் போன ஒருநாளு.”

எனக்கு விளங்கவில்லை.

“நம்ம கல்யாண போட்டோவை எடுத்துக்கினு போனேன். இந்த ஆளு இங்க வர்றாராண்ணா, கண்ணு பாதி மூடினாப்பல இருக்கும்னு கேட்டேன். இந்த ஆளு வந்ததில்லம்மான்னாங்க. அப்பயும் நம்பலீங்க. காசு வாங்கிக்கினு குடிக்க ஊத்தறவங்க உண்மையச் சொல்லுவாங்களான்னு நெனச்சேன்.”

அடுத்த கட்டிலில் வெங்கடப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

“போட்டோ எங்க?” என்றேன்.

“வந்தா சொல்றோம், குடுத்துட்டுப் போங்கன்னாங்க. குடுத்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களாக என்னால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் உதடு மேலே போகாமல் உறுமுவது போலாகிவிடும். அன்று சரியாகச் சிரித்தேன். அவள் அழுதாள்.

டிஸ்சார்ஜ் ஆனபோது டாக்டர், பஸ் ஓட்டுவது இனி கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது முதலாளியின் ஷெட்டில் டயரும் டீசலும் பார்க்கிறேன். மாத்திரை நேரம் தவறுவதில்லை. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் கீழ்த்தளத்துக்கும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். கீழ்த்தட்டும் முடிந்து, புதிய தட்டு ஒன்று அடித்திருக்கிறார்கள். ராத்திரி முழுதும் நிற்கிற பொடி இன்னும் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய அன்று நாங்கள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. எல்லைக்கு முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கினோம். சாயங்கால நேரம். “நீங்க இங்கயே நில்லுங்க, நான் போய் போட்டோவை வாங்கிக்கினு வர்றேன்” என்றாள் எஸ்தர். ஒரு முறை அவள் தனியாகப் போனது போதும் என்று நானே உள்ளே போனேன். சாராயக்கடைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் இருந்தவர்களில் ஓசூர்க்காரர் இருவர் என்னை அடையாளம் கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து போட்டோவை எடுத்தார். துடைத்து வைத்திருந்தார். அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். வாசலில் நின்ற எஸ்தரையும் பார்த்தார்.

“உங்களைத்தான் இத்தனை நாளா தேடிக்கினு இருந்தேன்” என்றார். “வர்றவங்க கண்ணையெல்லாம் பாத்தேன். பாதி மூடினாப்பல இருக்கும்னு அந்தம்மா சொன்னாங்களே. உங்களுக்கு நல்லாத்தானே தொறந்திருக்குது?”